கடல்மல்லைக்கு ஓர் இரவுப் படகு

பெர்த் நகரில் வசிக்கும் எங்கள் மகள், ஆடி மாதத்தில் தன் கணவருடன் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே உள்ள கிம்பர்லி கடற்கரைக்குச் சென்று வந்தாள். புரூம் என்னும் ஊரிலிருந்து நீரில் இறங்கும் சிறு விமானத்தில் பயணம். டால்பட் விரிகுடாவில் இறங்கியதும் இரவு முழுவதும் படகு வீட்டில் தங்கல். சாலை சென்று சேராத அந்த இடத்தில் மலைத்தொடர்களின் இரண்டு குறுகிய இடைவெளிகளுக்குள் கடல் புகுந்து பாய்கிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் 10 மீட்டரையும் தாண்டும் பகுதியாதலால், மலைக்கு ஒருபுறம் நீர் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நிற்கும். அப்போது அருவி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் விழுவதுபோல் தோன்றும். ஏற்றம் வற்றமாக மாறினால் அருவியும் திசை மாறிப் பாயும்.

இந்த அதிசயத்தையெல்லாம் அவள் தொலைபேசியில் படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். என் தந்தையார் அருகே அமர்ந்திருந்தார். அவருக்கு வயது 84. கண்ணழுத்த நோயால் பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வருகிறது. படங்கள் அவருக்குத் தெரியவில்லை. "இரவுப் படகு" என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"நானும் ஒரு முறை இரவுப் படகில் போயிருக்கிறேன்" என்றார்.

"எங்கே தாத்தா?"

"கடல்மல்லைக்கு."

எங்கள் வீட்டில் யாருமே இதுவரை கேட்டிராத செய்தி அது.

1949ஆம் ஆண்டு மாசி மாதம். அப்பாவுக்கு ஒன்பது வயது. அவருடைய தந்தையாருக்கு விஷக் காய்ச்சல் கண்டு, பிழைப்பாரோ மாட்டாரோ என்றிருந்த நாள்களில், பாட்டியார் கடல்மல்லைப் பெருமாளுக்கு ஒரு செந்தாமரை சமர்ப்பிப்பதாக வேண்டிக்கொண்டார். ஒரே ஒரு தாமரைதான். பிள்ளை பிழைத்து எழுந்ததும், மாசி மகத்துக்கு முதல் நாள் திருவல்லிக்கேணியில் பூ வாங்கிப் பித்தளைச் செம்பில் நீர் நிரப்பி அதில் நிறுத்தி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர்க் கால்வாய்க் கரைக்கு வந்தார். அங்கே விறகுத் தொட்டி வைத்திருந்தவர் தெரிந்தவர். சவுக்கு விறகை இறக்கிவிட்டு வெறும் படகாகத் தெற்கே திரும்புகிறவர்களிடம் சொல்லி இருவரையும் ஏற்றிவிட்டார்.

அந்தக் கால்வாயின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். இன்று அதைக் கடந்து செல்லும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள், ஒரு காலத்தில் யாத்திரிகர்கள் அதில் சென்றார்கள் என்றால் நம்பமாட்டார்கள். 1806ஆம் ஆண்டில் கொக்கரேன் என்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது அது. பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் கிளிஞ்சலும் நெல்லும் அதில் வந்தன. அந்நாளில் மாமல்லபுரம் செல்ல விரும்பியவர்கள் மாலையில் சென்னையில் படகேறி, இரவெல்லாம் பயணம் செய்து, விடியலில் இறங்குவது வழக்கம். பாவேந்தர் பாரதிதாசனும் 1930களில் நண்பர்களுடன் இப்படிச் சென்றுதான் "மாவலிபுரச் செலவு" பாடினார். படகை இழுத்தவர்களின் பாடு அவர் நெஞ்சைத் தொட்டதை அந்தப் பாட்டில் காணலாம்.

அப்பாவுக்கும் அந்த இழுப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. காற்று பின்னாலிருந்து வந்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அன்று தெற்கிலிருந்து எதிர்க்காற்று. ஆகவே இருவர் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு இழுத்தபடியே நடந்தார்கள். மயிலையிலிருந்து மாமல்லைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் நடந்தே போனார்கள். படகில் இருந்தவர்கள் உறங்கிக்கொண்டே போனார்கள்.

நிலவு பகல்போலக் காய்ந்தது. திருவான்மியூர் தாண்டியதும் இருபுறமும் சவுக்குத் தோப்பின் இரைச்சல். கோவளத்துக்கு அருகே உப்பளங்கள் வெள்ளை விரித்தாற்போல் கிடந்தன. திருவிடந்தைக்கு நேரே வந்தபோது பாட்டியார் எழுந்து, இருட்டில் எந்தக் கோபுரமும் தெரியாவிட்டாலும், நித்தியகல்யாணப் பெருமாள் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பிவிட்டு மறுபடியும் கண்ணயர்ந்தார்.

பேரனுக்கு உறக்கம் வரவில்லை. செம்பிலிருந்த தாமரை நிலவொளியில் பாதி விரிந்திருந்தது. தாமரை நீரில் மிதக்குமா என்று பார்க்கும் ஆசை. எடுத்தான், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நீரில் விட்டான். மிதந்தது. படகு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு விழித்த பாட்டியார் வெறும் செம்பைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார். அடிக்கவில்லை, வையவும் இல்லை. "போகட்டும். அது நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்" என்று சொல்லிப் பேரனை மடியில் போட்டுக்கொண்டார். விடிந்ததும் தலசயனப் பெருமாளுக்குத் துளசி வாங்கிச் சாத்தினார். அடுத்த ஆண்டு மாசிக்கு அவர் இல்லை.

"அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மகாபலிபுரம் போயிருக்கிறேன்" என்றார் அப்பா. "அலுவலக நண்பர்களோடு, உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு. ரதம் பார்த்தோம், கடற்கரைக் கோயில் பார்த்தோம். பெருமாள் சந்நிதிக்குள் மட்டும் கால் போகவில்லை."

உண்மைதான். அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் அவர் வாசலிலேயே செருப்புக்குக் காவலாக நின்றுவிடுவார். வெயில், கூட்டம் என்று காரணம் சொல்வார். நாங்களும் நம்பினோம்.

தலவரலாறு அறிந்தவர்களுக்கு அந்தத் தாமரையின் கனம் புரியும். புண்டரீக மகரிஷி தாம் பறித்த தாமரைகளைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்டிருக்கும் பரந்தாமன் திருவடியில் சேர்க்க ஆசைப்பட்டார். எதிரே கடல் தடுத்தது. கடல்நீரைக் கைகளால் இறைத்து வழி செய்யலானார். இரவும் பகலும் இறைத்தார். ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்து, "பசிக்கிறது, சோறு கொடு; நீ வரும்வரை நான் இறைக்கிறேன்" என்றார். ரிஷி உணவு கொண்டு திரும்பியபோது, அவர் கொய்து வைத்திருந்த தாமரைகளைச் சூடிக்கொண்டு முதியவர் தரையிலேயே பள்ளிகொண்டிருந்தார். பாற்கடலும் இல்லை, பாம்பணையும் இல்லை, வெறும் தலம். ஆகவே தலசயனம். உற்சவர் உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் தாமரை மொட்டு இன்றும் உண்டு. தாயார் நிலமங்கை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த இத்தலம், குருக்கத்தி மலரில் பூதத்தாழ்வார் அவதரித்த ஊருமாகும்.

இந்த மாசிக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தோம். படகிலேயே போக வழியுண்டா என்று அப்பா ஒரு முறை கேட்டார். பிறகு தாமாகவே சிரித்துக்கொண்டார். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் பெரிதும் சிதைந்து, போக்குவரத்து தேய்ந்து நின்றது. நகருக்குள் அதன் படுகையில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008இல் தேசிய நீர்வழி என்று அறிவிக்கப்பட்ட தடத்தில் இந்தக் கால்வாயும் சேர்ந்தது. ஆயினும் மயிலையில் படகேறி மல்லையில் இறங்கும் நாள் திரும்பவில்லை.

ஆனாலும் முட்டுக்காடு இருக்கிறதே! தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் அரைமணி நேரப் பயணத்துக்குச் சீட்டு வாங்கினோம். செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டை அப்பாவுக்கு மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அன்றைக்கு இதெல்லாம் இல்லை" என்று முணுமுணுத்தார். மோட்டார்ப் படகு காயலுக்குள் சென்று வளைந்தபோது விளிம்பைப் பிடித்துக்கொண்டு கையை நீரில் விட்டார். திரும்பிக் கரைக்கு வரும்வரை எடுக்கவில்லை.

திருவிடந்தையில் இறங்கிச் சேவித்தோம். ஆதிவராகர் அகிலவல்லித் தாயாரை இடத்தொடையில் ஏந்திய திருக்கோலம். திருமணம் வேண்டி மாலையோடு வலம் வந்த இளைஞர் கூட்டம் எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. வழியில் சாளுவன்குப்பத்தையும் அப்பாவுக்குச் சுட்டிக்காட்டினேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மணலுக்கடியிலிருந்து பழமையான செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. வடக்கு நோக்கிய கோயில். முன்னே கல்லில் செய்த வேல். இந்தக் கடற்கரையில் கடல் எதை மூடும், எதைத் திறந்து காட்டும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

மாலை மாமல்லபுரம் சேர்ந்தோம். வெண்ணெய்த் திரள் பாறையின் அடியில் வழக்கம்போல் கைகளால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம். சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த உருண்டையின் எடை சுமார் 250 டன் என்பார்கள். வெள்ளையர் ஆட்சியில் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு கதையும் உண்டு. இயற்கையின் அதிசயம் என்று மகள் சொன்ன அருவிக்குப் பதில் இதைப் படம் எடுத்து அனுப்பினேன். "இது எப்போது விழும்?" என்று பதில் வந்தது.

நாங்கள் எதிர்பாராதது கடற்கரையில் இருந்தது. மாசிப் பௌர்ணமியில் இருளர் மக்கள் இங்கே கூடுவது பற்றி வாசித்திருந்தாலும், கண்ணால் கண்டதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நான்கு கழிகளை நட்டுப் புடவைகளைக் கட்டிய சிறு சிறு கூடாரங்கள், அடுப்பு மூட்டிச் சமையல், குழந்தைகளின் ஓட்டம். அவர்களுடைய கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். ஆண்டுதோறும் இந்த நாளில் வந்து பாடியும் ஆடியும் அவளை வீட்டுக்கு அழைக்கிறார்கள். மணலைக் குவித்து ஏழு படிகள் அமைத்து, பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்து அலையை நோக்கி வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பதும் நிச்சயிப்பதும், விடியற்காலையில் தாலி கட்டுவதும், பிள்ளைகளுக்குக் காது குத்துவதும் இந்த மணலிலேயே நடந்துவிடுகின்றன.

அப்பா சாலையோரத் திண்டில் அமர்ந்து அந்தப் பாட்டுகளை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நிலவு எழுவது அவருக்குத் தெரிந்ததா என்று கேட்டேன். "வெளிச்சம் மாறியது தெரிந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "அன்று கயிறு இழுத்தவர்களில் ஒருவன் இப்படித்தான் பாடிக்கொண்டே போனான்" என்றார். அந்த மனிதரின் முகமும் பெயரும் அவருக்கு நினைவில்லை. "காலையில் இறங்கும்போது பாட்டி அவனுக்குக் கையில் ஏதோ கொடுத்தாள், அவன் என் தலையைத் தடவிவிட்டுப் போனான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை."

மறுநாள் விடியலில் தீர்த்தவாரி. மேளச் சத்தம் முன்னே வர, பெருமாள் கடலுக்கு எழுந்தருளினார். மணலில் அப்பாவால் நடக்க முடியவில்லை. பத்தடி வைப்பதற்குள் கால் புதைந்தது. சாலை முனையிலேயே நாற்காலி போட்டு அமர்த்திவிட்டு, என் மனைவியைத் துணைக்கு வைத்தேன். நான் மட்டும் கூட்டத்தோடு ஓடினேன். அலை விளிம்பில் ஒருபுறம் பெருமாளுக்குத் தீர்த்தவாரி. சற்று தொலைவில் மணற்படிகளின் முன்னே மஞ்சள் பூசிய முகத்தோடு ஒரு மணப்பெண். இரண்டு கூட்டமும் ஒரே அலையில்தான் நனைந்தன. நான் திரும்பியபோது பெருமாளும் திரும்பி வந்துகொண்டிருந்தார். அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, சாலை திரும்பும் இடத்தில், தோள் மாற்றிக்கொள்வதற்காகச் சிறிது நேரம் நின்றார்கள். அப்பா எழுந்து நின்றார். உலகுய்ய நின்றானின் முகம் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

தாமரையைச் சென்னையிலேயே வாங்கி, ஈரத்துணியில் சுற்றிச் செம்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தோம். பழைய செம்பு எங்கே போயிற்றோ, இது வேறு செம்பு. வண்டியில் வரும் வழியெல்லாம் அதை அப்பா மடியிலேயே வைத்திருந்தார். விடுதியில் இரவு இரண்டு முறை எழுந்து தடவிப் பார்த்தார்.

காலை சுமார் ஒன்பதரை மணிக்குச் சந்நிதிக்குள் சென்றோம். திருவிழாக் கூட்டம். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்ததும் அப்பாவின் பார்வை முற்றிலும் நின்றுவிட்டது. என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டார். மூலவர் தரையோடு தரையாகப் பள்ளிகொண்டிருப்பதால், நின்று பார்க்கிறவர் கண்ணைத் தாழ்த்தித்தான் சேவிக்க வேண்டும். அப்பா நேரே பார்த்துக்கொண்டு நின்றார். "கீழே, அப்பா" என்றேன். குனிந்தார். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது.

பட்டருக்கு நடுத்தர வயது. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. நகரச் சொல்லியிருந்தால் தவறில்லை. அவர் விளக்கை எடுத்தார். வழக்கமாக ஒரு சுற்றில் முடிந்துவிடும் தீபத்தைத் திருவடியருகே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, இது திருவடி" என்றார். அங்கிருந்து அங்குலம் அங்குலமாக மேலே கொண்டு போனார். "இது நாபி. இது திருமார்பு. இந்த வலக்கையைப் பாருங்கள், வா என்று கூப்பிடுகிற கை. இது திருமுகம்." தீபத்தை அங்கேயே நிறுத்தினார்.

அப்பா செம்பை நீட்டினார். பட்டர் தாமரையை எடுத்துத் திருவடியில் வைத்தார்.

"போன தடவை கொண்டுவந்தது வழியில் போய்விட்டது" என்றார் அப்பா அவரிடம்.

"எப்போது சுவாமி வந்தீர்கள்?"

"75 வருஷம் ஆகிறது."

பட்டர் ஒரு கணம் பார்த்தார். மறு பேச்சில்லாமல் தீர்த்தம் கொடுத்தார், சடாரி சாதித்தார், கொஞ்சம் துளசியை எடுத்து அதே செம்பில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வரிசை எங்களை வெளியே கொண்டு வந்துவிட்டது.

அன்று மாலை புண்டரீகப் புஷ்கரணியில் தெப்போற்சவம் இருந்தது. அப்பாவுக்குக் களைப்பு மிகுந்ததால் அதைக் காணும் பாக்கியம் எங்களுக்கில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சென்று நெடுஞ்சாலை பிடிப்பது என்று கிளம்பினோம். ஊரைவிட்டு மேற்கே செல்லும் அந்தச் சாலை கால்வாயைப் பாலத்தில் கடக்கிறது. பாலம் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

நகரத்துக் கால்வாய்போல் இல்லை; இங்கே நீரில் வானம் தெரிந்தது. கரையோரம் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அப்பா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தார்.

"ஏம்ப்பா, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?"

வலைக்காரர் நிமிர்ந்தார். "இப்ப வத்தம் பெரியவரே, தெக்கால போவுது. ஏத்தம் வந்தா வடக்கால திரும்பிக்கும்."

அப்பா சற்று நேரம் கணக்குப் போடுகிறவர்போல் நின்றார். திருவிடந்தை வடக்கே இருக்கிறது.

"அப்படியானால் வந்து சேர்ந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.